கையெழுத்துப் போட்டு வைத்த செக் புத்தகம்: நம்பிக்கை இருந்தால் போதாதா?

ஜூன் 8, 2025, கேள்வி

வேளச்சேரியில் ஒரு சின்ன டிரஸ்ட். நான்கு அறங்காவலர்கள், வருஷத்துக்குச் சுமார் 18 லட்சம் வரவு, முதியவர்களுக்கு மதியச் சாப்பாடும் மருந்தும் கொடுக்கிறோம். நிர்வாக அறங்காவலருக்கு 74 வயது, சொந்தப் பணத்தைப் போட்டு ஆரம்பித்தவர், தங்கமான மனிதர். செக் புத்தகம் வந்ததும் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு மேசை டிராயரில் வைத்துவிடுவார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. தேவைப்படும்போது நிரப்பிக்கொள்வோம். போன கூட்டத்தில் இது சரியில்லையே என்று மெதுவாகச் சொன்னேன். "அப்போ ஐயாவையே சந்தேகப்படுகிறாயா?" என்று இன்னொருவர் கேட்டுவிட்டார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் எல்லாம் பெரிய என்ஜிஓக்களுக்குத்தானே? நான் ஆபீஸ் புத்தியைக் கொண்டுவந்து நல்ல இடத்தைக் கெடுக்கிறேனா? வயது 31, ஐடி வேலை.

ஜூன் 8, இரவு, பதில்

கெடுக்கவில்லை தம்பி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசம் செய்ய வந்த கிழவன் என்று நினைப்பீர்கள், அதுவும் பொய்யில்லை. மாநில அரசு நிறுவனம் ஒன்றில் 29 வருஷம் உள் தணிக்கைப் பிரிவு. ஓய்வுக்கு முன்பிருந்தே சைதாப்பேட்டையில் மாலை டியூஷன் நடத்தும் ஒரு சங்கத்துக்குப் பொருளாளர். சம்பளம் கிடையாது, கூட்டத்துக்குப் போனால் ஒரு டீ, இரண்டு மேரி பிஸ்கட்.

நாளைக்கே டிராயரிலிருந்து ஒரு தாள் காணாமல் போகிறது என்று வையுங்கள். போலீஸ் முதலில் யாரைக் கேட்கும்? தாளில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவரை. அடுத்து உங்களை. கோர்ட்டிலும், "கையெழுத்து என்னுடையது, நிரப்பியது நான் இல்லை" என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. ஒருவர் தானாகவே கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை இன்னொருவர் நிரப்பினாலும் அது கடனுக்காகக் கொடுத்த செக் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லையென்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில். 74 வயதில் அவருக்கு எதற்கு இந்த வேலை? இந்தக் கோணத்தில் சொல்லிப் பாருங்கள், காபியைக் குடித்து முடிப்பார்.

இன்னொன்று. உங்கள் டிரஸ்ட்டில் இரண்டு கையெழுத்து இருப்பதாக வங்கி நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் இருப்பது ஒன்றுதான், உங்களுடையது. இதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். சந்தேகப்படச் சொல்வதாக இருந்தால் உங்களைச் சந்தேகப்படச் சொல்லுங்கள்.

ஜூன் 9

நேற்று பெரிய மனிதன் மாதிரி எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எங்கள் சங்கத்தில் 2017 வரை இதே கதைதான். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தந்தவர் செயலாளர். நிரப்பியது நான். பகலில் அலுவலகத்தில் அடுத்தவர் வவுச்சரைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து இதைச் செய்துகொண்டிருந்தேன்.

யாரும் திருடவில்லை. நடந்தது இன்னும் கேவலம். ஒரு மாத வாடகையை இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். நான்கு மாதம் எனக்கும் தெரியாது, செயலாளருக்கும் தெரியாது. வீட்டுக்காரரே ஒருநாள் வந்து, "ஒரு மாதம் அதிகமா வந்திருக்கே சார், பார்க்கலையா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதாவது எங்கள் சங்கத்தின் உள் கட்டுப்பாடு என்பது வீட்டுக்காரரின் நேர்மை. அவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது.

அன்றைக்கு அடுத்த நாளே வங்கிக் கணக்கையும் எங்கள் கணக்கையும் மாதாமாதம் ஒத்துப் பார்க்க ஆரம்பித்தோம். அந்த வேலையை நான் செய்வதில்லை. செக் எழுதுபவனே ஒத்துப் பார்த்தால் தவறு அவன் கண்ணுக்குத் தெரியாது. கமிட்டியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்க்கிறார். 40 நிமிஷ வேலை. 35 பைசா வித்தியாசம் என்றாலும் இரவு பத்து மணிக்கு போன் வரும்.

ஜூன் 10

ஒருவர் குட்டியிருக்கிறார், சரியான குட்டுதான். நான் என் அனுபவத்தை வைத்துச் "சங்கம்" என்கிறேன், கேட்டவர் வைத்திருப்பது "டிரஸ்ட்". இரண்டும் ஒன்றில்லை. சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்: பொதுக்குழு கூட்ட வேண்டும், நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக்கூடாது, குழு மாறினால் மாவட்டப் பதிவாளரிடம் ஃபார்ம் 7 கொடுக்க வேண்டும். இதையெல்லாம் வருஷக்கணக்கில் கொடுக்காமல் வைத்திருந்து, வங்கிக்காரர் கேட்கும் நாளில் தலையில் கைவைக்கிற சங்கங்கள் சென்னையில் எவ்வளவோ.

அறக்கட்டளைக்கு அந்தத் தொல்லையில்லை, அதுதான் தொல்லை. மகாராஷ்டிரத்தில் 1950லிருந்து பொது அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, அறநிலைய ஆணையர் இருக்கிறார். இங்கே பொதுவான அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிந்துவிட்டு வந்தால் அதன்பின் பதிவுத்துறை உங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வருமான வரித்துறை மட்டும்தான் கேட்கும், அதுவும் வரிவிலக்கு வேண்டும் என்றால்தான். அதனால் தம்பி, உங்கள் டிரஸ்ட்டில் நான்கு அறங்காவலர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

ஜூன் 14

"அரசு அலுவலகத்தில் இவ்வளவு விதி இருந்தும் என்ன கிழித்தீர்கள்?" என்று ஒரு நண்பர். நியாயமான கேள்வி, மரியாதை கொஞ்சம் கம்மி, பரவாயில்லை.

தமிழ்நாட்டில் 1998லேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்குச் சட்டம் வந்தது, 2000இல் விதிகள் வந்தன. சின்னக் கொள்முதலுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினால் போதும். இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஒரு கோப்பில் மூன்று கொட்டேஷன், மூன்று வெவ்வேறு லெட்டர்ஹெட், மூன்றிலும் "கவர்" என்ற சொல்லில் ஒரே எழுத்துப்பிழை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு கடையில் போய் நின்றால், "ஒண்ணு வேணுமா, மூணா குடுக்கட்டுமா?" என்று அவர்களே கேட்பார்கள் என்று எங்கள் பிரிவில் ஒரு ஜோக் உண்டு. தணிக்கைத் தடையாக எழுதினேன். பதில் வந்தது: "மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டுள்ளன, எனவே தடையை நீக்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." நீக்கிக்கொள்ளப்பட்டது. நீக்கியதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அப்புறம் மார்ச் மாதம். மார்ச் 31க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதி. பிப்ரவரி கடைசியில் வராண்டாவில் ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகள் கூரையைத் தொடும். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு, ஒப்புதல் உண்டு, இருப்புப் பதிவேட்டில் பதிவும் உண்டு. ஒரு விதிகூட மீறப்படவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பேப்பர்.

சிஏஜி என்ற தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்துக்குப் போகும், பொது நிறுவனங்கள் குழு கூப்பிட்டுக் கேட்கும், அதற்குள் சம்பந்தப்பட்டவர் ஓய்வு பெற்றிருப்பார் அல்லது போய்ச் சேர்ந்திருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு தணிக்கைத் தடைப் பாரா, நான் ஓய்வு பெறும்போதும் நிலுவையில் இருந்தது. அதற்கு நான் மானசீகமாகப் பெயரே வைத்திருந்தேன்.

ஜூன் 15

"அப்போ காகிதக் கட்டுப்பாடு வீண் என்கிறீர்கள்" என்று எழுதியவருக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொன்னேன். அலுவலகத்தில் காகிதம் இருந்தது, பார்ப்பதற்கு ஆள் இல்லை. சங்கத்தில் ஆள் இருந்தார்கள், காகிதம் இல்லை. இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டவன் அதைப் படிக்கவில்லை. எனக்கு அந்த ஒரு விஷயம்தான் உறுத்துகிறது, மற்றதெல்லாம் ஃபார்ம் நம்பர்.

ஜூன் 22

கேட்டவர் மறுபடி வந்து, "ரிஸ்க் ரெஜிஸ்டர் என்று ஒன்று வேண்டுமாமே, கார்ப்பரேட் ஆசாமி ஒருவர் 60 வரிசை எக்செல் அனுப்பியிருக்கிறார், சிவப்பு மஞ்சள் பச்சையெல்லாம் அடித்து" என்கிறார். சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்புப் பணம் தரும் கம்பெனிகள் இப்போதெல்லாம் கேட்கிறார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். என்னென்ன தவறாகப் போகலாம், யார் கவனிப்பது என்ற பட்டியல்தான் அது. எங்களுடையது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு ஏறியது. எங்கள் சென்டர் ஆற்றிலிருந்து நடக்கிற தூரம், தரைத்தளம். நான்காம் தேதிதான் உள்ளே போக முடிந்தது. பெஞ்சுகள் போனது பரவாயில்லை, கரும்பலகை மிதந்து வாசலில் குறுக்கே நின்றது. ஸ்டீல் பீரோவின் கீழ்த்தட்டில் ஆறு வருஷ வவுச்சர், தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு. திறந்ததும் சேறு வழிந்தது. கனமானது கீழே இருக்கட்டும் என்று கீழ்த்தட்டில் அடுக்கியவன் நான். மொட்டை மாடியில் காயவைத்தோம், நீல மை எல்லாம் கரைந்து தாள் முழுக்க ஆகாய நிறம். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து மைப்பேனாவைத் தொடுவதில்லை.

அதே வாரம் நிவாரணம் வந்தது. கோயம்புத்தூர், சேலம், பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வண்டிகள். பாய், போர்வை, பிரெட், பால் பவுடர், நாப்கின். இறக்கினோம், கொடுத்தோம், இறக்கினோம், கொடுத்தோம். யாரிடமிருந்து எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது, ஒரு வரி எழுதவில்லை. தண்ணீரில் நிற்கும்போது ரெஜிஸ்டரா என்று எனக்கே கோபம் வந்திருக்கும். ஆனால் மார்ச்சில் ஒரு நன்கொடையாளர், "நான் அனுப்பிய 200 போர்வை என்ன ஆச்சு?" என்று கேட்டபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கொடுத்துவிட்டோம் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அதற்கப்புறம் எங்களுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கமிட்டி டீச்சர் எழுதி மாட்டியதுதான் எங்கள் ரிஸ்க் ரெஜிஸ்டர். மேல் வரி: "பீரோ கீழ்த்தட்டு காலியாக இருக்க வேண்டும்." எதிரே என் பெயர். இரண்டாவது: "வண்டியில் வந்த பொருளை இறக்குமுன் ஃபோட்டோ, நோட்டில் ஒரு வரி." மூன்றாவது: "பிள்ளைகளோடு எந்தப் பெரியவரும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கக்கூடாது, கமிட்டிக்காரர் உட்பட." நான்காவது: "மூன்று மாதச் சம்பளம் தொடாமல் வங்கியில்." அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மறுபடி முட்டிவரை தண்ணீர். பீரோ கீழ்த்தட்டில் ஒரு பழைய கால்பந்து மட்டும் இருந்தது. 2022இல் வந்த வருமான வரி விதி 17ஏஏ-படி இப்போது அறநிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களைப் பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்த விதி படிக்கும்போது சிரிப்பு வந்தது, சேறு ஞாபகம்.

60 வரிசை எக்செல்லை நிரப்பிக் கம்பெனிக்கு அனுப்புங்கள். சுவரில் நான்கு வரி மாட்டுங்கள்.

ஜூன் 23

மூன்று மாதச் சம்பளம் பற்றி விளக்கம் கேட்கிறார்கள். லண்டனில் கிட்ஸ் கம்பெனி என்று ஒரு பெரிய குழந்தைகள் தொண்டு நிறுவனம், அமைச்சர்களே பாராட்டியது. 2015 ஜூலைக் கடைசியில் அரசிடம் 30 லட்சம் பவுண்ட் மானியம் வாங்கிய சில நாட்களிலேயே, ஆகஸ்ட்டில் மூடினார்கள். அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யப் போட்ட வழக்கு 2021இல் தள்ளுபடியானது. ஆனால் 2022இல், அங்கே தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன், குறைந்த கையிருப்போடு நடத்தியதைத் தன் அறிக்கையில் விமர்சித்தது. நல்லவர்கள்தான், கையில் காசில்லை.

எங்கள் ஊருக்கு வருவோம். சிஎஸ்ஆர் தவணை இரண்டு மாதம் தள்ளினால் உங்கள் சமையல்கார அம்மாவுக்கு யார் சம்பளம் தருவது? ஐயா பையிலிருந்து. அப்படித்தானே?

ஜூலை 3

பையிலிருந்து என்று எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்து பத்து நாளாகக் குடைகிறது. இதை எங்கள் கமிட்டியில் இதுவரை சொன்னதில்லை.

80ஜி, அதாவது நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு, வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று 10பிடி என்ற படிவத்தை மே 31க்குள் ஏற்ற வேண்டும், அப்போதுதான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும், அவர் வரிச்சலுகை கேட்க முடியும். ஒரு வருஷம் பாதிப் பேரிடம் பான் எண் வாங்கவில்லை. ஜிபேயில் வந்த பணம், பெயருக்குப் பதில் "மாமா நியூ நம்பர்" என்றெல்லாம் என் போனில் தெரிகிறது. யார் யார் என்று தேடி முடிக்க 12 நாள் தாமதம். தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 200 ரூபாய், ஆக 2,400.

என் சொந்தப் பணத்தில் கட்டினேன். கணக்கில் ஏற்றவில்லை. நம்மால் ஆன தவறு, பிள்ளைகள் பணம் எதற்கு என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 5

"அது நல்ல காரியம் சார்" என்று மூன்று பேர். இல்லை. நான் கட்டியதால் கமிட்டிக்குத் தாமதமானதே தெரியவில்லை. தெரியாததால் அடுத்த வருஷமும் பான் எண் வாங்கும் முறையை யாரும் மாற்றவில்லை, மறுபடி மே மாதம் நான் ஒருவனே ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அலுவலகத்தில் ஒரு கேஷியர் தன் பையிலிருந்து 50 ரூபாய் போட்டுப் பெட்டியை நேர்செய்தார் என்பதற்காக நான் மெமோ கொடுத்திருக்கிறேன். அவர் அழுதார். "பணம் குறையவில்லையே சார், கூடத்தானே போட்டேன்?" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

அதனால் தம்பி, ஐயா அவ்வப்போது பையிலிருந்து போடுகிறார் என்றால் போடட்டும், ஆனால் நன்கொடை ரசீது போடுங்கள். அவருக்கே.

ஜூலை 6

உண்டியல் பற்றி நேற்று ஒருவருக்குப் பதில் எழுதும்போது, பெயர் இல்லாமல் வரும் பணத்துக்கெல்லாம் 30 சதவீத வரி என்று எழுதிவிட்டேன். தப்பு. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், எது அதிகமோ அதுவரை இந்த 30 சதவீதம் கிடையாது. அதற்கு மேல் போனதற்குத்தான். முழுக்க மத நிறுவனம் என்றால் இந்தப் பிரிவே பொருந்தாது. உங்கள் ஆண்டு விழா டப்பாவில் விழுகிற ஆறாயிரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எண்ணும்போது இரண்டு பேர் எண்ணுங்கள், எண்ணிய தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், எண்ணியபின் போடுங்கள்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது, இதை டப்பாவிலேயே ஒட்டிவிடலாம்.

ஜூலை 19

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "எல்லாம் சரி சார், கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தால்தானே ஃபைல் நகர்கிறது, அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?"

எல்லா சங்கத்திலும் எழுதுகிற தலைப்புதான்: இதரச் செலவு. நான் எந்தக் கணக்கைப் பார்க்கப் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். சமையல் செலவு, வாடகை, மருந்து எல்லாம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. மனிதர்கள் குடியிருப்பது இதரத்தில். "அலுவலகப் பயணம் 500, இதரம் 1,500." "பத்திர வேலை, இதரம் 3,000." ஒரு கணக்கில் "மரியாதை 1,000" என்றே எழுதியிருந்தது. நேர்மையான ஆள்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது, ஒரு அலுவலகத்தில். ஐந்து முறை நடந்தேன். ஆறாவது முறை வெளியே டீக்கடையில் ஒருவர் தொகையைச் சொன்னார். நான் தணிக்கையில் இருந்தவன் என்று சொன்னேன். "அப்போ உங்களுக்கே தெரியுமே சார்" என்றார். கொடுக்கவில்லை. இதில் வீரம் ஒன்றும் கிடையாது, எனக்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான். ஏழு மாதம் ஆயிற்று. நாளைக்குக் காலையில் முதியவர்களுக்குச் சாப்பாடு நிற்கும் என்றால் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை.

ஆனால் சட்டம் இது: 2018 திருத்தத்துக்குப்பின் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறை போன்ற அமைப்பிடம் சொன்னால்தான் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு. "அவர்கள் கேட்டதால்தானே கொடுத்தோம்" என்று சும்மா இருந்தால், டிரஸ்ட் கணக்கிலேயே நம் கைப்பட எழுதிய சாட்சியம் இருக்கும், இதரம் என்ற பெயரில்.

ஜூலை 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "பிரஸ் கதையை எப்போ எழுதப் போறீங்க?"

எழுதிவிடுகிறேன். எங்கள் ஆண்டறிக்கையை ஐந்து வருஷம் என் மச்சினன் பிரஸ்ஸில்தான் அச்சடித்தோம். விலை குறைவுதான், சத்தியமாகக் குறைவு. ஆனால் அவன் என் மச்சினன் என்று கமிட்டித் தீர்மானத்தில் எங்குமில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். இருவருக்குத் தெரியாதாம், ஒரு கல்யாணத்தில்தான் தெரிந்துகொண்டார்கள், என்னிடம் நேரில் கேட்காமல் ஒரு வருஷம் ஒதுங்கி நடந்தார்கள். நிர்வாகிகளுக்கும் அவர்கள் உறவினருக்கும் அறநிறுவனத்தின் பணம் நியாயமில்லாமல் பயன்பட்டால் வரிவிலக்குக்கே ஆபத்து, இது வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. நியாயமான விலை என்றால் பிரச்சினையில்லை, ஆனால் நியாயம் என்று காட்ட வேறு இரண்டு விலை கையில் இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. மூன்று கொட்டேஷனைப் பற்றி அவ்வளவு கிண்டல் செய்தவன்.

இப்போது கூட்டம் ஆரம்பித்ததும் "இன்றைய பொருளில் யாருக்காவது சொந்த சம்பந்தம் உண்டா?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். அந்தப் பொருள் வரும்போது அவர் வெளியே போய் டீ குடிப்பார். மச்சினன் கோபித்துக்கொண்டான், பொங்கலுக்குப் பேசிவிட்டான்.

ஆகஸ்ட் 2

சின்னக் கேள்விகள் குவிந்துவிட்டன, ஒரே மூச்சில்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் பணம் அனுப்பலாமா? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாற்றிக்கொண்டுவிட்டால் ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் தொடக்கூடாது. மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் பாதி டிரஸ்ட்டுகள் இதில்தான் சறுக்கும். பாஸ்போர்ட் நிறத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப்பின் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக்கூடாது.

தகவல் உரிமைச் சட்டம் நமக்கு வருமா? அரசுப் பணத்தில் கணிசமாக நடந்தால் வரும், 2019இல் டிஏவி கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பத்துப் பேர் வேலை செய்தால் பாலியல் தொல்லை பற்றிய பெண்கள் புகாருக்கு உள்ளகக் குழு கட்டாயம், "நம்ம இடத்தில் அதெல்லாம் நடக்காது" என்பது பதிலாகாது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும், அமைப்பின் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் பேசித் தீர்ப்பது குற்றம். எங்கள் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகள் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெயரோடு போட்டார், நல்ல எண்ணம்தான். எடுக்கச் சொன்னோம், கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். போகட்டும்.

ஆகஸ்ட் 24

கேட்டவர் எழுதியிருக்கிறார், பார்த்திருப்பீர்கள். ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு. பேனா பிடிக்க முடியாது. இந்த மாதச் சாப்பாடும் மருந்தும் நடந்தது எப்படி என்றால், டிராயரில் இருந்த கையெழுத்துப் போட்ட செக்குகளால். "பார்த்தாயா, நீ சொன்னதைக் கேட்டிருந்தால் கிழவர்கள் பட்டினி" என்று அந்த இன்னொரு அறங்காவலர் சொன்னாராம்.

நான் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. அவர் சொல்வது உண்மை. அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் சமையல் நின்றிருக்கும். நான் எழுதிய அத்தனை நோட்டிலும் ஐயாவின் கை உடையும் என்ற வரி இல்லை, எங்கள் காலண்டர் அட்டையிலும் இல்லை. மூன்றாவதாக ஒருவருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுத்து, "மூவரில் எவரேனும் இருவர்" என்று வங்கியில் மாற்றுங்கள் என்று ஜூன் 8 அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையெழுத்துப் போடாதே என்று மட்டும் சொன்னேன், போடாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. தணிக்கைக்காரன் புத்தி.

இன்னும் 11 தாள் இருக்கிறதாம். உங்கள் பத்திரத்தில் நிர்வாக அறங்காவலர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். பத்திரத்தைத் திருத்த அறங்காவலர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தால் தீர்மானம் போட்டு, துணைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதியலாம். அந்த அதிகாரமே எழுதப்படவில்லை என்றால் சிவில் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கும், ஒரு வக்கீலைப் பாருங்கள். இதற்கிடையே, கைரேகை வைத்து இரண்டு சாட்சியோடு ஏற்பார்களா என்று கிளை மேலாளரிடம் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம், நேரில்.

அந்த 11 தாளுக்கும் எண் எழுதி ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றும் எதற்குப் போயிற்று என்று ஐயாவுக்கு வாராவாரம் படித்துக் காட்டுங்கள்.

வேறொன்று, புது வருமான வரிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்துவிட்டது, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். நான் மேலே எழுதிய பிரிவு எண்களெல்லாம் மாறும். 13, 80ஜி என்று மனப்பாடம் செய்தே காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு அனுதாபங்கள்.

ஆகஸ்ட் 31

ஐயாவே கேட்டாராம்: "அந்த எண் பட்டியலைத் தினமும் படிக்கிறாயா, வாரம் ஒருநாளா?" பொழுது போகவில்லையாம் அவருக்கு.

செப்டம்பர் 7

எங்கள் பொதுக்குழு முடிந்தது. நான் பொருளாளர் பதவியை விட்டுவிட்டேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி நானே வருவதும் சட்டப்படி சரிதான், ஆனால் இந்த இழையில் இவ்வளவு எழுதியபின் மறுபடி கைதூக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த 2,400 ரூபாய்க் கதையையும் சொன்னேன். கணக்கு டீச்சர், "எனக்கு அப்பவே தெரியும், சான்றிதழ் தேதி லேட்டா இருந்துதே" என்றார். கேட்கவில்லையே என்றேன். "நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றார்.

புதுப் பொருளாளர் எங்கள் சென்டரிலேயே படித்த பெண், 27 வயது, பி.காம். முதல் வாரமே நான் கொடுத்த ஒரு வவுச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். பதிவாளர் அலுவலகத்துக்கு ஆட்டோ, 180 ரூபாய், பில் இல்லை. ஆட்டோக்காரர் எங்கேம்மா பில் கொடுப்பார் என்றேன். "ஆப்ல போட்டா வரும் சார். இல்லைன்னா நீங்களே எழுதிக் கொடுங்க, ஆனா இன்னொரு கமிட்டி மெம்பர் கையெழுத்து வேணும்" என்கிறாள். கூட வந்தவர் யாரும் இல்லையே. அடுத்த கூட்டம் அக்டோபரில். அதுவரை என் 180 நிலுவை.